1/72 ஸ்பிற்ஃபயர் கிற்: 603ஆம் ஸ்குவாட்ரனின் எந்த மாதம்?

துண்டுகளை ஒட்டிக் கட்டும் பிளாஸ்ரிக் விமான மொடல் இது, உண்மையானதில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. பெட்டியின் மூடிப் படத்தில் ஸ்கொட்லாந்தின் ஃபோர்த் குடாவின் ரயில் பாலம். அதற்கு மேலே புகை கக்கும் ஜேர்மன் குண்டுவீச்சு விமானம் யுங்கர்ஸ் 88. அதை விரட்டும் பிரித்தானியச் சண்டை விமானமான ஸ்பிற்ஃபயரின் பக்கவாட்டில் எக்ஸ்-ரி என்ற படையணி அடையாள எழுத்து. விஷயம் தெரிந்தவருக்கு இவ்வளவும் போதும்: 1939 ஒக்டோபர் 16, 603ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் படையணி. ஆனால் மூடியைத் திறந்து, தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள் உள்ள டெக்கல் தாளைப் பார்த்தால் 1940 செப்ரெம்பர் வந்து நிற்கிறது. நிமிர்ந்த வாலுக்கு மூவர்ணப் பட்டை, உடம்பில் வரும் பிரித்தானிய வட்டச் சின்னத்தைச் சுற்றி மஞ்சள் வளையம், வயிற்றுக்கு வெளிறிய பச்சை. பதினொரு மாதம் பிந்தின விமானம். இந்தக் கிற்றின் பெரிய குறை இதுதான். மற்றதெல்லாம் அரத்தாளாலும் பொறுமையாலும் சமாளிக்கக்கூடியவை.

ஒரு வருட வித்தியாசம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 603 வழமையான படையணியாக இருந்தால் கேள்வி நியாயம். இது துணை விமானப்படை. 1924இல் சட்டமாகி, 1925இல் முதல் ஸ்குவாட்ரன்களை எடுத்த படை. கிளாஸ்கோவின் 602 செப்ரெம்பரில் உருவானது. எடின்பரோவின் 603 ஒக்டோபர் 14இல், டேர்ன்ஹவுஸ் தளத்தில். சேர்ந்தவர்கள் கிழமை நாளில் கந்தோருக்குப் போய், சனி ஞாயிறில் பறந்து, வருடத்துக்கு ஒருமுறை பதினைந்து நாள் முகாமுக்குப் போனவர்கள். விமானி மட்டுமல்ல, எஞ்சின் பார்த்தவர், இயந்திரத் துவக்குக்கு ரவை ஏற்றினவர் என்று பெரும்பாலும் எல்லாரும் அதே நகரத்து ஆக்கள். எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகங்களைப் போல, ஊர்ப் பேரோடு ஒட்டின அணி.

603 தொடக்கத்தில் குண்டுவீச்சு ஸ்குவாட்ரன். டி.எச்.9ஏ, வாபிற்றி, ஹார்ட், ஹைண்ட் என்று பதின்மூன்று வருடம் இரட்டைச் செட்டை விமானங்களில் போனது. 1938 ஒக்டோபரில்தான் சண்டை விமான ஸ்குவாட்ரனாக மாற்றினார்கள். 1939இல் கிளாடியேற்றர் வந்தது, அதுவும் இரட்டைச் செட்டைதான். ஸ்பிற்ஃபயர் கைக்கு வந்தது 1939 செப்ரெம்பரில், போர் தொடங்கின மாதத்தில். அதாவது ஃபோர்த் குடாவுக்கு மேல் யுங்கர்ஸ்களைச் சந்தித்தபோது அந்த விமானத்தோடு அவர்களுக்கு ஒரு மாதப் பழக்கம். பிரித்தானிய வான்பரப்பில் ஸ்பிற்ஃபயர்கள் விழுத்தின முதல் ஜேர்மன் விமானங்கள் அன்றுதான் விழுந்தன. ஒன்றை விழுத்தின 603இன் விமானி பற்றிக் (Patrick) கிஃபோர்ட் தொழிலால் சட்டத்தரணி. இன்னொன்றை விழுத்தின, பக்கத்து ட்ரெம் தளத்திலிருந்து வந்த 602இன் ஜோர்ஜ் பிங்கேர்ட்டன் கமக்காரர். யாருடையது முதல் என்பதில் எடின்பரோவும் கிளாஸ்கோவும் இன்னும் விட்டுக்கொடுத்ததாகத் தெரியவில்லை. மூடிப் படம் விற்பது இந்தக் கதையை. உள்ளே அந்தக் கதைக்குரிய தாள் இல்லை.

ஆகவே கட்டத் தொடங்க முன் எந்த மாதம் என்று முடிவெடுக்கவேண்டும்.

1939 ஒக்டோபர் என்றால் வயிற்றில் பச்சை கிடையாது. கீழ்ப்பக்கத்தில் இடது செட்டை கறுப்பு, வலது வெள்ளை. கீழேயிருக்கும் பீரங்கிக்காரர் சொந்த விமானத்தை அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு அது, 1940 ஜூன் வரை இருந்தது. இங்கே பலர் விடும் பிழை ஒன்று: மொடலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தங்கள் இடதுகைப் பக்கத்துக்குக் கறுப்பு அடிப்பது. இடது என்பது ஆசனத்தில் இருக்கும் விமானியின் இடது. பென்சிலால் உட்பக்கத்தில் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். வால் பட்டை 1940 மேயில் வந்தது, அதை ஒட்டவேண்டாம். மஞ்சள் வளையமும் அதே மாதம். உடம்பு வட்டம் 1939 ஒக்டோபரில் பெரும்பாலும் நீலமும் சிவப்பும் மட்டும், வெள்ளை இல்லை. மேல் செட்டைக்குத் தாளில் இருக்கும் நீலம்-சிவப்பு வட்டங்கள் அப்படியே பொருந்தும். உடம்புக்குச் சின்ன அளவில் வேறு தாள் தேடவேண்டும். கீழ்ச் செட்டை வட்டங்களையும் விட்டுவிடுங்கள். காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்கு மேலே வரும் பின்பார்வைக் கண்ணாடியும் வேண்டாம். உடம்பிலிருந்து கிடைவால் நுனிகளுக்கு ஓடும் கம்பிகளும் 1940க்கு உரியவை.

சுழலியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஆக ஆரம்பத்து ஸ்பிற்ஃபயர்கள் எழுபத்தேழுக்கு இரண்டு அலகு மரச்சுழலி. அதன் பிறகு மூன்று அலகு டி ஹவிலன்ட். 1940 ஜூன் கடைசியில்தான் அவற்றைக் கோணம் தானாக மாறும் வகைக்கு மாற்றத் தொடங்கினார்கள். இந்த அளவில் அந்த மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாது. கிற்றில் வரும் மூன்று அலகு இரண்டு காலத்துக்கும் சரி.

தாளில் உள்ளபடியே கட்ட விரும்பினால் அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. 603 1940 ஓகஸ்ட் கடைசியில் தெற்கே லண்டனுக்குக் கிழக்கில் உள்ள ஹோர்ன்சேர்ச்சுக்கு இறங்கினது. வந்த சில நாளிலேயே பல விமானிகளை இழந்தது. அவர்களில் ஒருவரான விமானி றிச்சார்ட் ஹிலரி சுட்டுவிழுத்தப்பட்டு எரிகாயத்தோடு கடலில் விழுந்தது செப்ரெம்பர் 3இல். கிற்றின் நாலு வரிக் குறிப்பில் இது எதுவும் இல்லை. துணை விமானப்படை என்ற சொல்கூட இல்லை. சரித்திரத்தை மூடியில் போட்டு விற்பவர் அரைப் பக்கமாவது எழுதியிருக்கலாம்.

இனி பிளாஸ்ரிக். அளவு சரி. உண்மையான விமானத்தின் செட்டை அகலம் 11.23 மீற்றர், நீளம் 9.12 மீற்றர். 72ஆல் பிரித்தால் 156 மில்லிமீற்றரும் 127 மில்லிமீற்றரும் வரவேண்டும். அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தால் வருகிறது. சக்கர இடைவெளி 24 மில்லிமீற்றர் அளவில் ஒடுங்கியிருக்கும். அது அச்சின் பிழை அல்ல, ஸ்பிற்ஃபயரே அப்படித்தான். வால் சில்லில் குந்தும் விமானம் என்பதால் மூக்குக்குள் ஈயம் வைக்கத் தேவையில்லை.

சிக்கல் செட்டை சேருமிடத்தில். ஸ்பிற்ஃபயரின் செட்டை ஆறு பாகை மேல்நோக்கி நிற்கவேண்டும். இந்த அளவில் நுனி ஏழெட்டு மில்லிமீற்றர் உயரும். கீழ்ச்செட்டை ஒரே துண்டாக வருகிறது, பசை காய்ந்ததும் தட்டையாக விழப் பார்க்கிறது. மேல்துண்டுகளை ஒட்டினதும் மேசையில் வைத்து, இரண்டு நுனிக்குக் கீழும் ஒரே உயரத்தில் தீப்பெட்டித் தட்டோ மடித்த மட்டையோ கொடுத்து, நடுவை நாடாவால் இழுத்து ஓர் இரவு விடவேண்டும். அவசரப்பட்டால் செட்டை அடியில் அரை மில்லிமீற்றர் வெடிப்பு வரும். பிறகு பூசி உரஞ்சும்போது அந்த இடத்துப் பொருத்துக் கோடுகள் எல்லாம் போய்விடும். மூடி திறந்த விமானியறை வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். கண்ணாடி ஒரே துண்டு, தடிப்பும் கூட. வெட்டப்போனால் வெடிக்கும்.

பசை விஷயத்தில் யாழ்ப்பாணத்தில் கவனம் கூட வேண்டும். எனாமல் வர்ணம், திரவப் பசை, ஸ்பிறே ரின் ஆகியவை தீப்பற்றும் சாமான், விமானத் தபாலில் ஏற்கமாட்டார்கள். கடல்வழிப் பொதி என்றால் காத்திருக்கவேண்டும். அதனால் ஆக்கள் ஹார்ட்வெயார் கடைக்குப் போகிறார்கள். பிவிசி குழாய்ப் பசை வேண்டாம், தடிப்பாக இழுபட்டு மெல்லிய பிளாஸ்ரிக்கைக் குழிவிழுத்தும். நகப்பூச்சு அழிக்கும் திரவமும் வேண்டாம், அதில் உள்ள அசற்றோன் மேற்பரப்பை வெடிக்கவைக்கும். வாகனத்துக்கு அடிக்கும் லக்கர் தின்னர் வேலை செய்யும். ஆனால் மெல்லிய தூரிகை நுனியில் ஒரு துளி, சேர்த்துப் பிடித்த பொருத்தின் வெளியிலிருந்து. உள்ளே தானாக ஓடும். யன்னலைத் திறந்துவைத்து, அடுப்படிக்குத் தூரத்தில் செய்யுங்கள். கண்ணாடிக்கு சுப்பர் குளூவைக் கிட்டவும் கொண்டுபோகவேண்டாம். அதன் ஆவி உள்ளே படிந்து வெள்ளையாகப் பூக்கும், துடைக்கவும் வழியில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் பைண்டர் கம் போதும். காய்ந்தால் தெரியாது, பிழைத்தால் ஈரத்துணியால் எடுக்கலாம்.

வர்ணம்: மேலே மண்நிறமும் கடும்பச்சையும். ஹம்ப்ரோல் 29, 30. நீர்வர்ணம் என்றால் தமியா எக்ஸ்.எஃப் 52, எக்ஸ்.எஃப் 81. 1940 வயிற்றுக்கு எக்ஸ்.எஃப் 21. தபாலில் வரச் சுகமானது நீர்வர்ணம்தான். எங்கள் வெக்கையில் அது தூரிகையிலேயே காய்ந்து கோடு விழுத்தும். காலை எட்டு மணிக்கு முதல், அல்லது பொழுதுபட்ட பிறகு அடிப்பது நல்லது. இரண்டு மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சை விட வடிவாக வரும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஈரப்பூச்சில் புழுதி ஒட்டும், மொடலைக் கவிழ்த்த பிளாஸ்ரிக் பெட்டிக்குள் காயவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மாரியில் லக்கர் வகைப் பளபளப்புப் பூச்சு அடித்தால் காற்றின் ஈரம் சேர்ந்து பால்நிறமாகும். மழை விட்டு வெயில் எறித்த நாளாகப் பார்க்கவேண்டும்.

1939 வயிற்றுக்கு வெள்ளையை முதலில் அடியுங்கள், மூன்று பூச்சாவது வேண்டும். அது நன்றாகக் காய்ந்தபின் நடுக்கோட்டில் நாடா ஒட்டிக் கறுப்பு. மாறி அடித்தால் கறுப்பை வெள்ளையால் மூட ஒரு போத்தல் போகும். கடை நாடா கடும் பிசின், முதலில் உள்ளங்கையில் நாலு தரம் ஒட்டி எடுத்துப் பிசினைக் குறைக்கவேண்டும். சில விமானங்களில் செட்டை மட்டும் கறுப்பு வெள்ளை, மூக்கும் பின்னுடம்பும் வெள்ளிநிறம். சிலவற்றில் முழுவயிறும் இரண்டாகப் பிரிந்தது. படம் கிடைத்தால் படத்தை நம்புங்கள்.

டெக்கல் ஒட்டும்போது யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் காலை வாரும். சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறும் தண்ணீர் காய்ந்ததும் விளிம்பில் வெள்ளைக் கறை விடும், கறுப்புச் செட்டையில் அது பளிச்சென்று தெரியும். பிடித்துவைத்த மழைத்தண்ணீர், இல்லாவிட்டால் எரிபொருள் நிலையத்தில் விற்கும் பற்றரித் தண்ணீர். வெட்டின டெக்கலை இருபது செக்கன் அமிழ்த்தி, எடுத்து ஒரு நிமிடம் காகிதத்தில் வைத்து, தானாக வழுகும்போதுதான் தள்ளவேண்டும். அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாவிட்டால் காற்றுப் புகுந்து வெள்ளியாக மினுங்கும். பொருத்துக் கோட்டுக்குள் படிய வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து தூரிகையால் தொட்டுவிடலாம். மென்மையான தாளுக்குத்தான் அது எடுபடும்.

வானொலிக் கம்பிக்குக் கிற்றில் ஒன்றும் தரவில்லை. மிஞ்சின பிளாஸ்ரிக் சட்டத்தை மெழுகுதிரிச் சுவாலைக்கு ஓர் அங்குலம் மேலே உருட்டி, இளகினதும் சுவாலையிலிருந்து எடுத்து இழுத்தால் மயிர் போல நூல் வரும். துவக்கு வாய்களில் ஒட்டும் சிவப்புத் துணித் துண்டுகள் தாளில் எட்டு இருக்கின்றன, பாராட்டலாம். எட்டுத் துவக்கும் சேர்ந்து சுட்டால் பதினைந்து செக்கனுக்குள் ரவை முடியும் விமானம் அது.

603இன் மற்றக் காலங்களுக்கு இந்தக் கிற் உதவாது. 1942 ஏப்ரல் 20இல் அமெரிக்கக் கப்பல் வாஸ்ப்பிலிருந்து மோல்ராத் தீவுக்குப் பறந்தவை மாக் 5 என்ற பிந்திய வகை ஸ்பிற்ஃபயர், மூக்கின் கீழ் பெரிய தூசிவடிகட்டியோடு. 1945இல் ஒல்லாந்தில் ஜேர்மன் வி-2 ரொக்கற் ஏவுமிடங்களைத் தாக்கினவை மாக் 16. போருக்குப் பின் வாம்பயர் ஜெற். 1957 மார்ச் 10இல் எல்லாத் துணைப் பறப்பு ஸ்குவாட்ரன்களையும் கலைத்தார்கள். எங்கள் கடலுக்குக் கிட்ட வந்த துணை ஸ்குவாட்ரன்களைத் தேடுபவருக்கு 607உம் 615உம். 1943 கடைசியில் பர்மா எல்லையில் ஸ்பிற்ஃபயர் கிடைத்தவை, அவையும் மாக் 5. பலாலியில் அந்தப் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்தக் கிற் கூடப் பொருத்தம்.

சின்னப்பிள்ளைக்குப் பரிசாக வாங்க நினைப்பவருக்கு ஒன்று. பொம்மர் என்ற சத்தத்துக்குப் பங்கருக்குள் இறங்கின அம்மம்மா இன்னும் அந்த வீட்டில் இருக்கலாம். ஷோகேசில் வைக்க முன் அவவிடம் ஒரு சொல் கேளுங்கள்.

பத்து வயதுக்கு மேல், முதல் கிற்றாக, தாளில் உள்ள 1940 விமானத்தைக் கட்டுபவருக்கு இதை வாங்கலாம் என்போம். 1939 வேண்டுமென்றால் வட்டத் தாளுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கவேண்டும், அந்தக் கணக்கில் கொஞ்சம் விலைகூடின கிற் ஒன்று மலிவாக முடியலாம். கடையில் நெடுநாள் கிடந்த பெட்டி என்றால் டெக்கல் தாள் பழுப்பேறியிருக்கும். அதைக் காட்டி விலை குறைக்கக் கேட்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து, ஈரம் படாமல் பொலித்தீன் பைக்குள் போட்டு, வெயில் விழும் யன்னல் கண்ணாடியில் படப்பக்கம் வெளியே பார்க்க ஒட்டிவிட்டால், எங்கள் வெயிலுக்கு ஒரு கிழமைக்குள் அந்தப் பழுப்பு வெளுத்துவிடும்.