மெட்டாரைசியம் தூள்: வேர்ப்புழுவுக்கு நம்பலாமா?

மெட்டாரைசியம் என்பது பூச்சி, புழுக்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை. மண்ணுக்குள் வேரைத் தின்னும் வேர்ப்புழுவுக்கு இதை நம்பலாம். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்புத் தேதி. கிராமுக்கு 10 கோடி உயிருள்ள வித்துகள் என்று உறையில் இருந்தாலும், வெயில் படும் அலமாரியில் கிடந்த பொட்டலத்தில் பாதிகூட மிஞ்சாது. சந்தேகமிருந்தால் வேகவைத்து ஆறிய சோற்றில் ஒரு சிட்டிகை தூவி மூடி வையுங்கள். பத்து நாளுக்குள் வெள்ளையாகப் படர்ந்து பச்சையாக மாறினால் நல்ல சரக்கு. கறுத்தால் வேறு பூஞ்சை கலந்திருக்கிறது.

எக்டருக்கு 2.5 கிலோவை 250 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் ஒரு வாரம் மூடி வைத்த பிறகு மண்ணில் இடுவதே சிறந்த முறை. அப்படியே காய்ந்த மண்ணில் தூவுவது வீண். வித்து புழுவின் தோலில் ஒட்டி, முளைத்து, துளைத்து உள்ளே போக ஈரமும் 25 முதல் 30 டிகிரி வெப்பமும் வேண்டும். தெளிப்பதானால் லிட்டருக்கு 5 கிராம், மாலையில் மட்டும். புற ஊதாக் கதிர் வித்தைக் கொன்றுவிடும். வித்தோடு கலந்திருக்கும் டால்க் மாவு அடியில் தங்கி தெளிப்பானின் நாசிலை அடைக்கும், துணியில் வடிகட்டுங்கள். மான்கோசெப் போன்ற பூஞ்சாணக்கொல்லி இருந்த தொட்டியை நன்றாகக் கழுவாமல் இதைக் கரைக்கவே கூடாது.

மறுநாளே புழு சாகாது, ஒரு வாரத்துக்கு மேலாகும். முற்றிய புழு இன்னும் தாக்குப்பிடிக்கும், ஆகவே இளம்பருவத்திலேயே இடுங்கள்.

மரநிழல் அடர்ந்த காட்டு மண்ணில் இயல்பாக அதிகம் கிடைப்பது பெவேரியா என்னும், பூச்சியைக் கொல்லும் இன்னொரு பூஞ்சை. உழுத திறந்த நிலத்தில் மெட்டாரைசியம். வயலுக்கு இந்தத் தூள் பொருந்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.