டி480: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

2018-ல் வந்த லெனோவா திங்க்பேட் டி480 லேப்டாப் இன்றும் பலருக்குத் தினசரி வேலை மெஷின். அதற்கு இனியும் செலவு செய்யலாமா என்பது பழுது மதர்போர்டிலா, அதற்கு வெளியிலா என்பதைப் பொறுத்தது. வெளியில் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

நீண்ட புழக்கத்தில் முதலில் சோர்வது பேட்டரி. இதில் இரண்டு உண்டு: உள்ளே 24 வாட்-அவர், பின்னால் கழற்றி மாட்டுகிற ஒன்று. விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட்டில் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது ஏறுகிற அளவு), டிசைன் கெப்பாசிட்டியில் (புதிதில் இருந்த அளவு) பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள். டச்பேட் மேலே எழும்பி, கிளிக் இறுகினால் உள் பேட்டரி உப்பியிருக்கலாம். அதன் பிறகு சார்ஜ் போடவே கூடாது. திறக்கும் முன் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) உள் பேட்டரியை டிஸேபிள் செய்து, பின் பேட்டரியையும் கழற்றிவிட வேண்டும். அடி மூடியை நெம்ப பிளாஸ்டிக் கார்டு போதும். ஸ்க்ரூடிரைவரை விட்டால் கிளிப் உடையும்.

திரைப் பக்க மூடியை அசைக்கும்போது மட்டும் படம் மினுங்கினால் டிஸ்ப்ளே கேபிளைச் சந்தேகியுங்கள். வெளி மானிட்டரில் படம் சுத்தமாக வந்தால் கிராஃபிக்ஸுக்குப் பயமில்லை. அடிக்கடி ஹேங் ஆனால் இரண்டு ரேமையும் ஒவ்வொன்றாகத் தனியே போட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் புரோகிராமை ஓட்டுங்கள்.

சிக்கல் சார்ஜிங்கில்தான். இதற்கு வட்டப் பின் சார்ஜர் கிடையாது, டைப்-சி மட்டும்தான். இரண்டு டைப்-சி போர்ட்டும் போர்டிலேயே பற்றவைத்தவை. போர்ட் ஆடினால் ஹாட் ஏர் ஸ்டேஷனோடு (சூடான காற்றால் பற்றை உருக்கும் கருவி) வேலை செய்யும் கடைக்குத்தான் போக வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அதிவேக தண்டர்போல்ட் போர்ட். அதன் பழைய ஃபர்ம்வேரில் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) ஒரு பிழை உண்டு: அதன் ஃப்ளாஷ் மெமரி நிரம்பி போர்ட் முடங்கிவிடும். லெனோவா அப்டேட் தந்திருக்கிறது. முடங்கும் முன்பே போட்டுவிடுங்கள், முடங்கினால் சிப்பைத் தனியாக புரோகிராம் செய்ய வேண்டிவரும்.

தண்ணீர் கொட்டிய போர்டுக்குப் பணம் போட மாட்டேன். ஒரு இடத்தைச் சரிசெய்தால் அரிப்பு வேறு இடத்தில் தலைகாட்டும். மொத்தச் செலவு இதே மாடலின் செகண்ட் ஹேண்ட் விலையில் பாதியைத் தொட்டாலும் மாற்றிவிடுவதே லாபம். இன்னொரு டி480-ஐயே வாங்கினால் பழையதன் எஸ்எஸ்டி, ரேம், பின் பேட்டரியை அதில் அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

வாங்கும்போது இன்டெல் 8-ஆம் தலைமுறை பிராசஸரா என்று பாருங்கள். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. 8-ஆம் தலைமுறை ஐ5-8250யு, விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர் பட்டியலில் இருக்கிறது, முந்தைய மாடலான டி470-இன் ஐ5-7200யு இல்லை. மெலிதாக இருக்கிறதே என்று டி480எஸ் பக்கம் போகாதீர்கள்: அதில் ஒரு ரேம் போர்டோடு ஒட்டியது, கெட்டால் கழற்ற முடியாது.