60 நாள் குட்டி என்று சொன்னால் வாயைத் திறந்து பாருங்கள்

சிப்பிப்பாறை இன நாய்க்குட்டி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், அதுவும் ஒரே ஈற்றில் இரண்டு எடுக்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 16,000 ரூபாயும் பத்துப் பதினைந்து நாள் தூக்கமும் கொடுத்து நாங்கள் தெரிந்துகொண்டது.

மதுரையிலிருந்து கோவில்பட்டிப் பக்கம் போய் வாங்கினோம். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். செவலையில் ஒரு ஆண், சாம்பலில் ஒரு பெண். திரும்பி வரும் வழியிலேயே முனி, மல்லி என்று பெயரும் வைத்தாயிற்று.

"60 நாள் முடிஞ்சிருச்சு அண்ணாச்சி. முதல் ஊசி போட்டாச்சு, தீனி நல்லா எடுக்கும்" என்றார். தாயைக் காட்டுங்கள் என்றதற்கு, தோட்டத்தில் கட்டியிருக்கிறது, ஆளைக் கடிக்கும் என்றார். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். பெண் குட்டிக்கு விலா எலும்பெல்லாம் தெரிகிறது, வயிறு மட்டும் உப்பியிருக்கிறதே என்று என் மனைவி கேட்டாள். "வயிறு இப்பத் தின்னது. உடம்பு, சிப்பிப்பாறைன்னா ஒல்லியாத்தாம்மா இருக்கும். வேட்டை நாய்ல்லா!" இந்த இனத்தை வைத்து ஏமாற்ற இதைவிட வசதியான பேச்சு கிடையாது. வளர்ந்த நாய் ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக இருப்பதைச் சொல்லி, பட்டினிக் குட்டியையும் சுத்த ரகம் என்று தள்ளிவிடலாம்.

கூடவே ஐந்து கிலோ தீனியும் நம் தலையில் கட்டினார். லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பையில் கட்டியது, கிலோ 180. "தீனியை மாத்தினா வயித்தால போகும், இதையே குடுங்க. ரெண்டுக்கும் ஒரே தட்டுல வைங்க, போட்டி இருந்தாத்தான் திங்கும். ரெண்டு வேளை போதும்." திடீரென்று தீனியை மாற்றினால் வயிறு கெடும் என்பது உண்மைதான். அந்த ஒரு உண்மையின் முதுகில் மற்றதெல்லாம் ஏறி வந்துவிட்டது.

ஒரே தட்டில் நடந்தது இதுதான். முனி தட்டுக்குள் காலை வைத்து ஏறி நின்று ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவான். மல்லி ஓரமாக வந்து ஒரு உருண்டையைக் கவ்வி, தரையில் போட்டு, நக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவாள். தட்டு காலியாக இருப்பதைப் பார்த்து இரண்டும் சாப்பிட்டுவிட்டன என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நாலாம் நாள் விடிகாலையில் மல்லி எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடினாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்துக் கிடந்தது.

கால்நடை மருத்துவர் முதலில் குளுக்கோஸைக் குழைத்து ஈறில் தடவினார். அப்புறம் வாயைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தார். "எத்தனை நாள்னு சொன்னாங்க?" 60 என்றேன். சிரிக்கவில்லை. நாய்க்குட்டிக்குப் பால்பல் 28. எட்டு வாரத்தில் அநேகமாக எல்லாமே வந்திருக்கும். இவளுக்கு முன்பற்களும் கோரைப்பற்களும்தான் இருந்தன, பின்னால் ஈறு வழவழவென்று கிடந்தது. "35 நாள் இருந்தா அதிகம். தாய்கிட்ட இருக்க வேண்டிய குட்டி சார் இது." தடுப்பூசிப் புத்தகத்தைக் கொடுத்தேன். 45ஆம் நாள் ஊசி போட்டதாக எழுதியிருந்தது! 35 நாள் குட்டிக்கு 45ஆம் நாள் ஊசி. ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருந்தது, மருத்துவர் கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. அந்தப் புத்தகத்தைக் குப்பையில் போடச் சொன்னார்.

தீனியை உடைத்து முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். சிக்கு வாடை. குட்டித் தீனியே இல்லை, பெரிய நாய்க்கானது, அதுவும் மூட்டை பிரித்து வெகுநாளானது என்றார். பூசணம் பிடித்த தீனியில் வரும் நஞ்சு ஈரலைக் கெடுக்கும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். பூச்சி மருந்து கொடுத்த மறுநாள் இரண்டு குட்டிகளுக்கும் வந்ததைப் பார்த்துவிட்டு, இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் இடியாப்பம் கேட்பதில்லை.

மருத்துவர் எழுதிக் கொடுத்த முறைதான் இப்போது நடக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, மூன்று மாதம் நெருங்கியதும் நாலாகக் குறைத்தோம். கம்பெனிப் பை பிரிக்காத குட்டித் தீனியை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, விரலால் மசித்து, வெதுவெதுப்பாகக் கொடுக்க வேண்டும். மாட்டுப்பால் வேண்டாம், கழிச்சல் வரும். மல்லிக்கு அடுக்களையில், முனிக்கு வராந்தாவில். நடுவில் கதவு சாத்தியிருக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மிச்சம் இருந்தாலும் தட்டை எடுத்துவிட வேண்டும். இது மல்லி விஷயத்தில் முதலில் கொடுமையாகத் தோன்றியது. ஆனால் உடம்பு தேறிய பிறகு, ஒரு வாரத்தில் அவளே தட்டுச் சத்தத்துக்கு எழுந்து வர ஆரம்பித்தாள். வேக வைத்த ஈரல் ஒரு சிட்டிகை மேலே தூவினால் முகர்ந்துவிட்டு உடனே வாயை வைப்பாள். முனிக்குப் பிரச்சினை வேறு: விழுங்கி விழுங்கி வாந்தி எடுப்பான். அம்மா பழைய குழிப்பணியாரச் சட்டியை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் ஒரு நிமிடச் சாப்பாடு எட்டு நிமிடம் ஆகிறது.

தட்டை வைத்துக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டோம், தராசுதான். வந்த வாரம் முனி 2.1 கிலோ, மல்லி 1.4. ஞாயிறுதோறும் எடை போட்டு காலண்டரில் எழுதுகிறோம். விலாவைத் தடவினால் மடக்கிய கையின் முட்டி போல இடித்தால் மெலிவு, நீட்டிய கையின் புறங்கை போலத் தட்டுப்பட்டால் சரி என்று மருத்துவர் காட்டிக் கொடுத்தார்.

விற்றவருக்கு போன் போட்டேன். "கொண்டு போகும்போது நல்லாத்தான அண்ணாச்சி இருந்துச்சு, நீங்க என்ன குடுத்தீங்களோ" என்றார். அடுத்த நாள் முதல் என் எண் பிளாக். ரசீது கேட்காதது என் தப்பு. பணம் போன கணக்கும் வேறு யாரோ பெயரில் இருந்தது. 2017இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். தாயைப் பார்க்காமலும், குட்டி தனித் தட்டில் ஒரு வேளை தின்பதைப் பார்க்காமலும் பணத்தை எடுக்காதீர்கள்.

போன வாரம் ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தை அனுப்பினார். "60 நாள் ஆன சுத்த சிப்பிப்பாறைக் குட்டிகள்", அதே எண். படத்தில் நெஞ்சில் வெள்ளைப் பொட்டோடு நிற்பது எங்கள் முனி. அவனுக்கு இப்போது நாலு மாதம்.