பள்ளிக் காலை உணவு: மகளிர் குழுச் சமையல் எப்படி இருக்கிறது?

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலையில் சூடாகச் சாப்பாடு போடுவது பெரும்பாலும் அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். இந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க. திட்டத்தைப் பாராட்டியும் திட்டியும் ஊரே பேசியாயிற்று. இங்கே தட்டில் விழுவதைப் பற்றி மட்டும்.

ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ சேமியாவோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். வெந்தபின் 150 முதல் 200 கிராம் உணவு, 100 மில்லி காய்கறி சாம்பார். நூறு பிள்ளைகளுக்கு 5 கிலோ ரவை, ஒன்றரைக் கிலோ பருப்பு, 10 லிட்டர் சாம்பார். அண்டாவில் 15 லிட்டர் நின்றால் அது மஞ்சள் தண்ணீர். உடனே பருப்பைத் திருடிவிட்டார்கள் என்று கிளம்ப வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி கரண்டிதான். பெரிய கரண்டியால் ஊற்றினால் கடைசி வரிசைக்குச் சாம்பார் பற்றாது. அந்தப் பயத்தில் முன்கூட்டியே தண்ணீர் விட்டுவிடுகிறார்கள். 100 மில்லி பிடிக்கிற குழிக்கரண்டி ஒன்று வாங்கிக் கொடுத்தால் பாதிப் புகார் தீரும்.

அடுத்தது உப்புமா. ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டால் கணக்கு சரியாக வரும். ஐந்து கிலோ ரவையையும் ஒரே வாணலியில் கொட்டி வறுத்தால் அடி கருகும், மேலே பச்சையாகவே கிடக்கும். இரண்டு ஈடாக வறுக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் ஒருவர் ரவையைத் தூவ, இன்னொருவர் கை நிற்காமல் கிளற வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தால் கட்டி நிச்சயம். ஏழே காலுக்கு இறக்கி எட்டரைக்குப் பரிமாறினால், ரவை மிச்ச ஈரத்தையும் குடித்துவிட்டு ஆறி, கேக் மாதிரி துண்டு துண்டாக வரும். அதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் பசையாகிவிடும். கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கி மூடிவைத்து, பரிமாறும்முன் வெந்நீர் தெளித்து ஒரு கிளறு கிளறினால் பிழைக்கும்.

பொங்கல் இவ்வளவு படுத்தாது. பருப்பும் அரிசியும் குழைந்து கிடப்பதால் அரைமணி தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும். சேமியாதான் மோசம், கால்மணி கூடினாலே களி. நகரங்களில் பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கி வண்டியில் அனுப்பும்போது இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். பள்ளியிலேயே சமைப்பது அந்த வகையில் ஒரு படி மேல்.

சமைப்பவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது தேர்வு விதிகளில் ஒன்று. நல்ல விதி. தன் பிள்ளையும் அதே பந்தியில் உட்காரும்போது பருப்பில் கல் பொறுக்காமல் விட மனசு வராது. ஆனால் அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனால் சமையல் கையும் மாறும். நாலு பேருக்கு ஆக்கிப் பழகியவர் நூறு பேருக்குக் கண் அளவில் உப்புப் போட்டால் என்ன ஆகும்? புதியவரைப் பத்து நாளாவது பழையவரோடு நிற்கவைத்துவிட்டுத்தான் அடுப்பை ஒப்படைக்க வேண்டும்.

வந்த நேரம், சமைத்த நேரம், பரிமாறிய நேரம் எல்லாம் கைப்பேசிச் செயலியில் ஏறிவிடுகின்றன. அது நேரத்தைச் சொல்லும், சூட்டைச் சொல்லாது. எத்தனை பேருக்கு உலை வைப்பது என்பதற்கும் வருகைப் பதிவேட்டுப் பெயர்களை எண்ணுவதைவிட, நேற்று எத்தனை தட்டு கழுவப்பட்டது என்று பார்ப்பதே மேல்; வீட்டிலேயே சாப்பிட்டு வரும் பிள்ளைகளும் உண்டு.

ருசி பார்க்கப் போகும் பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கு ஒன்று: அடுப்படியில் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கடைசி வரிசை வரை காத்திருந்து, அங்கே விழும் உப்புமாவைத் தொட்டுப் பாருங்கள்.