எல்லாம் ட்ரூ பைபாஸ் ஆக்கினேன், ட்ரெபிளைக் காணோம்: ஆறு வருஷ பெடல்போர்டு அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பெரிய கிட்டாரிஸ்ட் எல்லாம் இல்லை. பெங்களூரு ஃப்ரேசர் டவுன் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிறு காலை வாசிப்பேன், மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை கம்மனஹள்ளியிலோ இந்திராநகரிலோ நண்பர்களோடு ஏதாவது பப்பில். மிச்ச நாளெல்லாம் அவுட்டர் ரிங் ரோடு டிராஃபிக்கில் ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து பெடல் வீடியோ பார்ப்பேன். பெடல் என்றால் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைத்து, காலால் அழுத்திச் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி, அதையெல்லாம் வரிசையாக அடுக்கும் பலகைதான் பெடல்போர்டு. இந்தக் கடைசிப் பழக்கம்தான் எல்லா வம்புக்கும் காரணம்.

2019இல் என் போர்டில் நாலே பெடல்: பாஸ் டியூ-3 ட்யூனர், ஒரு பச்சை ஐபனீஸ் டியூப் ஸ்க்ரீமர் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் வகை), மிதித்தால் 'வா-வா' என்று ஒலிக்கும் ஒரு பழைய வா, எதிரொலிக்கு ஒரு டிலே. சத்தம் நன்றாகத்தான் இருந்தது, நான் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அப்புறம் யாரோ ஒருவர் வீடியோவில், பஃபர் (சிக்னலுக்குப் பலம் கொடுக்கும் சின்ன சர்க்யூட்) உள்ள பெடல் அணைத்து வைத்திருந்தாலும் டோனைத் தின்றுவிடும், அணைத்தால் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் நேராகப் போகிற ட்ரூ பைபாஸ்தான் சுத்தம் என்று அடித்துச் சொன்னார். நம்பிவிட்டேன். லாக்டவுன் வந்தது, கையில் நேரம் இருந்தது, ட்யூனரையும் டியூப் ஸ்க்ரீமரையும் விற்று, கையால் செய்த பெடல்களாக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, 2020 முடிவதற்குள் ஏழு பெடல். வா மட்டும் பழசு, மற்ற ஆறும் ட்ரூ பைபாஸ். வீட்டில் மூன்று மீட்டர் கேபிளில், அதுவும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத அளவு வால்யூமில் வாசிக்கும்போது பிரமாதமாக இருந்தது. இருக்காதா பின்னே, செலவு செய்த காசு அப்படி.

சபை மறுபடி திறந்ததும்தான் விஷயம் வெளியே வந்தது. அங்கே ஆம்ப் பாடகர் குழுவுக்குப் பின்னால் இருக்கும். கிட்டாரிலிருந்து போர்டுக்கு ஆறு மீட்டர், போர்டிலிருந்து ஆம்புக்கு இன்னொரு ஆறு மீட்டர், நடுவில் பேட்ச் கேபிள்கள். எஃபெக்ட் எதுவும் போடாத கிளீன் சத்தத்தைக் கேட்டால் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. கம்பியை மாற்றினேன், கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் பிக்கப்பின் உயரத்தை மாற்றினேன், கடைசியில் ஆம்பில் ட்ரெபிளை, அதாவது கூர்மையான மேல் சத்தத்தை, எட்டுக்கு ஏற்றிவிட்டு அதுதான் என் டோன் என்று ஒரு வருஷம் ஓட்டினேன். இதில் இன்னொரு கூத்து, ஓவர்டிரைவை அழுத்தினால் மட்டும் சத்தம் காதைக் கிழிக்கும். சவுண்டு பார்க்கும் அண்ணன், "தம்பி, ஒண்ணு உன் கிட்டார் காணாம போகுது, இல்லன்னா கத்துது, நடுவுல எதுவுமே இல்லியா?" என்று கேட்டார். நான் அவருடைய மிக்ஸரைக் குறை சொன்னேன். மன்னிப்பு கேட்டாயிற்று, ஆனால் இரண்டு வருஷம் கழித்துத்தான்.

ஒரு ஞாயிறு நல்ல மழை, பைக்கில்தான் போகணும் என்பதால் போர்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். ஆம்ப் பக்கத்திலேயே நின்று ஒரே ஆறு மீட்டர் கேபிளில் நேராகச் செருகி முதல் கார்டை அடித்தேன். கீபோர்டுக்காரர் தோளைச் சுருக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். ட்ரெபிள் இன்னும் எட்டில்தான் இருந்தது. போர்டில் எல்லாமே அணைந்திருக்கும்போதும் எவ்வளவு பறிபோயிருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கணக்கு என்னவென்றால், சாதாரண பாஸிவ் பிக்கப் என்பது மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. சிங்கிள் காயில் ஒன்றின் இண்டக்டன்ஸ் சுமார் 2.5 ஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிள் ஒவ்வொரு மீட்டரும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர், ஏறக்குறைய 100 பிகோஃபாரட். இந்த இரண்டும் சேர்ந்து ஒரு ஃபில்டர் ஆகிவிடும், அது ஒரு அலைவரிசையில் மேடு கட்டி, அதற்கு மேலே உள்ளதை வெட்டிவிடும். பிக்கப்பின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸையும் சேர்த்தால், ஆறு மீட்டர் கேபிளுக்கு அந்த மேடு ஏறத்தாழ 3,800 ஹெர்ட்ஸில் வரும். என் போர்டில் இரண்டு நீளக் கேபிள், பேட்ச் கேபிள்கள் எல்லாம் கூட்டினால் 14 மீட்டர், மேடு 2,600க்கு இறங்கிவிடுகிறது. ட்ரூ பைபாஸ் என்றால் பெடல் அணைந்திருக்கும்போது உள்ளே வெறும் கம்பிதான். ஆறு ட்ரூ பைபாஸ் பெடல் வாங்கினேன் என்றால், அணைத்து வைக்கிற நேரத்துக்கு ஒரு நீளக் கேபிள் வாங்கியிருக்கிறேன் என்று அர்த்தம். ஓவர்டிரைவ் ஏன் கத்தியது என்பதும் இதில்தான் இருக்கிறது. ஆன் ஆகிவிட்டால் அதன் சர்க்யூட்டே பஃபர் வேலையைப் பார்க்கும், அதற்கப்புறம் உள்ள கேபிள் பிக்கப்பின் தலையில் விழாது, பறிபோன ட்ரெபிள் பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். நானோ அதை ஈடுகட்ட எட்டில் வைத்திருக்கிறேன்.

பஃபர் செய்வது ரொம்ப எளிய வேலை. ஒரு மெகா ஓம் மாதிரி உயர்ந்த இம்பீடன்ஸில் (சிக்னலுக்கு வரும் மின்தடை) பிக்கப்பைத் தொந்தரவு செய்யாமல் வாங்கிக்கொண்டு, ஓரிரு கிலோ ஓமுக்குள் வெளியே தள்ளும். சத்தத்தைக் கூட்டாது, குறைக்காது, பின்னால் வரும் கேபிளை இழுத்துக்கொண்டு போகிற பலம் மட்டும் கொடுக்கும். நான் விற்றுத் தொலைத்த ட்யூனரும் பச்சைப் பெடலும் வருஷக்கணக்கில் இதைத்தான் சும்மா செய்துகொண்டிருந்தன. பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மருக்குப் பெடல்போர்டு கட்டிய பீட் கார்னிஷ் ட்ரூ பைபாஸை வெளிப்படையாகவே எதிர்ப்பவர், பஃபர்தான் அவர் வழி. நானும் கேட்டிருந்தேன்தான், ஆனால் கிழவர் ஏதோ பழைய காலத்து ஆள் என்று நினைத்துவிட்டேன்.

சரி, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ஒரு டிஎல்072 ஐசி, நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு ஜாக் வாங்கி நானே ஒரு பஃபர் கட்டினேன். எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள், அதில் பாதிக்கு மேல் அந்த அலுமினிய டப்பாவுக்குத்தான். போர்டின் முதல் ஆளாக வைத்தேன். கிளீன் சத்தம் உயிரோடு எழுந்து வந்தது, ட்ரெபிளை ஐந்துக்கு இறக்கினேன். ஆனால் என் ஃபஸ் (சத்தத்தை ஓவர்டிரைவைவிடக் கரடுமுரடாக்கும் பெடல்) செத்துவிட்டது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். என்னுடையது 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் வகையைப் பார்த்துக் கட்டிய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஃபஸ். இந்த வகைக்கு இன்புட் இம்பீடன்ஸ் மிகக் குறைவு, பிக்கப்பும் கிட்டார் வால்யூம் நாபும் அந்த சர்க்யூட்டின் ஒரு பகுதி மாதிரியே வேலை செய்யும். வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் ஃபஸ் அப்படியே கண்ணாடி மாதிரி கிளீன் ஆகும், அதற்காகத்தான் இதை வாங்குவதே. நடுவில் பஃபர் வந்தால் அந்த உறவு அறுந்துவிடும். கொசு ரீங்காரம் மாதிரி ஒரு வறட்டுச் சத்தம், வால்யூமை இறக்கினால் சிறிய கொசு. வயர்லெஸ் போட்டாலும் இதே கதைதான், ரிசீவரும் ஒரு பஃபர் மாதிரிதான். ஃபஸ்ஸை முதலில் வைத்து அதற்கு அடுத்து பஃபரை நகர்த்தினேன், இரண்டும் சமாதானம் ஆகிவிட்டன. பழைய வா பிரச்சினையும் இதிலேயே தீர்ந்தது. அந்தக் காலத்து வாவில் சுவிட்ச் வெளியே போகும் பக்கத்தை மட்டும்தான் மாற்றும், உள்ளே வரும் பக்கம் அணைந்திருக்கும்போதும் சர்க்யூட்டில் ஒட்டிக்கொண்டே சிக்னலை உறிஞ்சும். நிஜமாகவே டோனைத் தின்பது ட்ரூ பைபாஸும் இல்லாத, பஃபரும் இல்லாத இந்த மூன்றாவது ரகம்தான், பழி மட்டும் பஃபர் மேல் விழுந்துவிட்டது. பஃபருக்குப் பின்னால் வைத்தால் வாவின் உறிஞ்சல் தெரிவதே இல்லை.

இதற்காக ட்ரூ பைபாஸ் மோசம் என்று சொல்லவில்லை. ஒருமுறை ஆராதனை நடுவில் அடாப்டர் செத்துப்போனது. பஃபர் உள்ள எதற்கும் கரண்ட் இல்லாவிட்டால் சிக்னல் அதோடு நின்றுவிடும், வெறும் ட்ரூ பைபாஸ் என்றால் எஃபெக்ட் இல்லாமலாவது சத்தம் வந்திருக்கும். அன்றைக்கு குனிந்து, பஃபரைக் கழற்றி, பேட்ச் கேபிளை மாற்றிச் செருகுவதற்குள் ஒரு சரணமே முடிந்துவிட்டது. பஃபருக்கும் சொந்தமாகக் கொஞ்சம் இரைச்சல் உண்டு. ஒன்று இரண்டில் தெரியாது, எட்டு பத்து வரிசையாக இருந்தால் சேர்ந்துகொண்டே போகும்.

ஆனால் சுவிட்ச் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ட்ரூ பைபாஸுக்குப் போடும் ஒன்பது கால் மெக்கானிக்கல் சுவிட்ச் ஆறு வருஷத்தில் என்னிடம் மூன்று போய்விட்டது. முதலில் கரகர என்று ஒரு சத்தம், அப்புறம் அழுத்தினால் பாதி நேரம் மௌனம். ஒன்பது காலையும் கழற்றி மறுபடி சோல்டர் செய்வது எனக்குப் பழகிவிட்டது. டிலே பெடலில் வேறு ஒரு வியாதி, ஆன் செய்யும்போது டப் என்று வெடிக்கும். ஜெப நேரம், எல்லாரும் கண்ணை மூடியிருக்க, மெல்லிய பின்னணிக்காக அதை அழுத்தினேன், முன் வரிசைப் பாட்டி கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். இன்புட்டிலும் அவுட்புட்டிலும் கிரவுண்டுக்கு ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் போட்டதும் பெரும்பாலும் அடங்கியது. இருந்தாலும் டிலேக்கு இப்போது பஃபர் பைபாஸ்தான் வைத்திருக்கிறேன், அணைத்த பிறகும் எதிரொலி தானாகக் கரைந்து முடியும். ட்ரூ பைபாஸில் கத்தரித்த மாதிரி நின்றுவிடும், மெதுவான பாட்டில் அது அசிங்கம்.

ஒரு நாள் சந்தேகம் வந்து கண்ணைக் கட்டிச் சோதனையும் செய்தோம். நான் சுவரைப் பார்த்து நின்று வாசிக்க, கீபோர்டுக்காரர் கேபிள்களை மாற்றினார். பஃபர் இல்லாத முழு போர்டை ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்தேன். பஃபர் உள்ள போர்டா, நேர்க் கேபிளா என்று கேட்டபோது குத்துமதிப்பாகத்தான் சொன்னேன், பாதி தப்பு.

மூன்று பெடல், மூன்று மீட்டர் கேபிள் என்று வீட்டில் வாசிக்கிறவர்கள் இந்தத் தலைவலிக்குள் வரவே வேண்டாம். பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் கிட்டாருக்குள்ளேயே இந்த வேலை முடிந்துவிடுகிறது. புதிதாக ட்யூனர் வாங்குகிறவர்கள் பாலிட்யூன் 3, டியூ-3டபிள்யூ மாதிரி பஃபர், ட்ரூ பைபாஸ் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதைப் பார்க்கலாம்.

எனக்கு என் பழைய டியூ-3தான் வேண்டும். அதை வாங்கியது கீபோர்டுக்காரரின் மச்சான், அல்சூரில் இருக்கிறார், நான் 4,000க்குக் கொடுத்தது. போன வாரம் திருப்பிக் கேட்டேன். "5,500 கொடுங்கண்ணே, நல்ல பஃபர் உள்ளது" என்கிறார்.