முட்டையா, ராக்கெட்டா, எலிப்பொறி வண்டியா?

இயற்பியலில் குழு புராஜெக்ட் கொடுக்க வேண்டும் என்றதும் ஆசிரியர்கள் மனதில் முதலில் வருபவை மூன்று: மேலிருந்து போடும் முட்டையை உடையாமல் காப்பது, பாட்டிலில் தண்ணீரும் அழுத்திய காற்றும் அடைத்து ஏவும் தண்ணீர் ராக்கெட், எலிப்பொறியின் சுருள்வில்லால் ஓடும் எலிப்பொறி வண்டி. மூன்றையுமே மாணவர்கள் ஆசையாகச் செய்வார்கள். நான் கேட்பது இரண்டு கேள்விகள்தான். கணக்குப் போட்டுச் சொன்ன எண்ணை அளந்து சரிபார்க்க முடியுமா? சொதப்பினால் அதே வகுப்பில் திருத்தி மறுபடி செய்து பார்க்க முடியுமா?

முட்டையில் பாடம் அருமையானது. 5 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர். 1 மில்லிமீட்டருக்குள் நின்றால் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 5,000 மடங்கு. முட்டையைச் சுற்றிய உறை 5 சென்டிமீட்டர் நசுங்கி நிறுத்தினால் 100 மடங்கு. உந்த (நிறை × வேகம்) மாற்றம் இரண்டிலும் ஒன்றே, நேரம்தான் வேறு. ஆனால் அந்த நிறுத்தம் நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. செல்போனில் நொடிக்கு 240 பிரேம் வைத்து எடுத்தாலும் இரண்டு மூன்று பிரேம்தான் கிடைக்கும். மிஞ்சுவது உடைந்ததா, உடையவில்லையா என்ற ஒரே விடை. உறைக்கு எடை வரம்பு வைக்காவிட்டால் பஞ்சைத் திணித்தே எல்லோரும் ஜெயித்துவிடுவார்கள்.

ராக்கெட்டுக்கு ஈர்ப்பு அதிகம், கணக்கு கடினம். தண்ணீர் வெளியேற வெளியேற நிறை மாறுகிறது, அழுத்தமும் இறங்குகிறது. பள்ளிச் சூத்திரங்கள் அதற்குப் போதாது. தண்ணீரின் அளவை மாற்றி மாற்றி ஏவி, உயரத்தை வரைபடமாக்குவது மட்டும் நல்ல வேலை. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் தண்ணீர் இருக்கும்போது உச்சம் வரும். வெளியே காற்று வீசினால் அதுவும் கலைந்துபோகும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, தள்ளி நின்று கயிறு இழுத்தே ஏவ வேண்டும்.

என் ஓட்டு வண்டிக்குத்தான். பொறியின் கம்பியோடு ஒரு குச்சியை நெம்புகோலாகக் கட்டி, அதன் நுனியிலிருந்து வரும் நூலைச் சக்கர அச்சில் சுற்றிவைத்தால், பொறி மூடும்போது நூல் இழுபட்டு அச்சு சுழலும், வண்டி ஓடும். பொறியின் கம்பியைச் சுருள்வில் தராசால் செங்குத்தாக இழுத்து, கோணத்துக்குக் கோணம் விசையைக் குறித்து, அதைக் கம்பியின் நீளத்தால் பெருக்கி வரைபடம் போட்டால், கோடு அடைக்கும் பரப்பே சேமித்த ஆற்றல் (கோணத்தை ரேடியனில் எடுக்க வேண்டும்). வண்டியின் நிறையும் உச்ச வேகமும் தெரிந்தால் இயக்க ஆற்றல். இரண்டும் ஒத்துப்போகாது. மீதி எங்கே போனது என்று குழுவுக்குள் எழும் சண்டையில்தான் உராய்வு பாடமாகிறது.

நெம்புகோலை நீட்டினால் இழுவை குறையும், ஆனால் நெடுந்தூரம் இழுக்கும். குறுக்கினால் வண்டி சீறும், சக்கரம் வழுக்கும். பலூனை வெட்டிச் சக்கரத்தில் மாட்டினால் பிடிப்பு வரும். நூலை அச்சில் முடிச்சுப் போட்டுக் கட்டியவர்களின் வண்டி பாதியில் தடுக்கி நிற்கும், ஏனென்றால் நூல் தீர்ந்ததும் எதிர்ப்பக்கம் சுற்றி அதுவே பிரேக் ஆகிவிடுகிறது. சின்னக் கொக்கியில் மாட்டிவிட்டால் நூல் தானாகக் கழன்றுகொள்ளும், வண்டி உருண்டுகொண்டே போகும். இதையெல்லாம் அங்கேயே திருத்தி, சில நிமிடங்களில் மறுபடி ஓட்டலாம். ஒருவர் அச்சைப் பார்க்க, ஒருவர் அளக்க, ஒருவர் வீடியோ எடுக்க என்று ஆளுக்கொரு வேலையும் இருக்கும். விரல் மட்டும் பத்திரம்: சின்ன எலிப்பொறியே போதும், பெருச்சாளிப் பொறி வேண்டாம்.

ஒரே ஒரு பீரியட்தான் கிடைக்கும் என்றால் முட்டையைக் கொடுங்கள். இரண்டு வாரம் இருந்தால் வண்டி. மதிப்பெண்ணை அதிக தூரம் ஓடிய வண்டிக்குத் தராமல், குழு முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதிக்கொடுத்த தூரத்துக்கு மிக அருகில் வந்து நின்ற வண்டிக்குத் தாருங்கள்.