ஸ்டீல் உழைக்கிறது, டெஃப்லான் கழுத்தறுக்கிறது: ஹைட்ரோதெர்மல் ஆட்டோகிளேவ் அனுபவம்

ஜியோலைட் (நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா-அலுமினா படிகம்) வேலை தொடங்கப் போகும் நண்பர் ஒருவர், "100 மி.லி. ஆட்டோகிளேவ் ஒன்று வாங்குவதா, 25 மி.லி. நாலு வாங்குவதா?" என்று கேட்டிருக்கிறார். ஆட்டோகிளேவ் என்பது உள்ளே டெஃப்லான் குவளை வைத்த, திருகு மூடி போட்ட ஸ்டீல் கூடு; நீர்க்கலவையை அதில் அடைத்து ஓவனில் சூடாக்குவோம். பதில் ஒரு வரிதான்: நாலு சின்னது. ஆனால் குவளையின் விளிம்பைப் பற்றி விற்பவர் யாரும் அவரிடம் சொல்லப்போவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ஸ்டீல் கூட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்சாரம் கிடையாது, சென்சார் கிடையாது, கெட்டுப்போகிற பாகமும் கிடையாது. ஒரே ஓவனில் எட்டுப் பத்துக் கலவைகளைச் சேர்த்து வைக்கலாம். சிலிக்கா-அலுமினா விகிதத்தை மாற்றி மாற்றிப் புது வினையூக்கி தேடுகிறவருக்கு இந்தக் காசில் இதைவிட நல்ல கருவி இல்லை. திருகுப் புரியில் நிக்கல் ஆன்டி-சீஸ் பசை (புரி கவ்விக்கொள்ளாமல் காப்பது) மெல்லியதாகத் தடவி வந்தால் போதும், கூடு நம்மைவிட அதிக நாள் இருக்கும். தடவாவிட்டால் ஸ்டீலோடு ஸ்டீல் கவ்விக்கொண்டு, மூடியை அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும்.

இனி டெஃப்லான் குவளை. 10 செ.மீ. உயரக் குவளை அறை வெப்பத்திலிருந்து 180 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 2 மி.மீ. வளரப் பார்க்கிறது. அதே உயர ஸ்டீல் வளர்வது கால் மி.மீ. மட்டுமே. வளர இடமில்லாத டெஃப்லான் என்ன செய்யும்? நசுங்கி, கிடைத்த இடுக்கில் பிதுங்கி உட்காரும். ஆறியதும் சுருங்குகிறது, ஆனால் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. காலையில் எடுத்துப் பார்த்தால், இரவு கம்பி போட்டு முறுக்கிய மூடி கையாலேயே சுழலும். சில சுற்றுகள் போனதும் விளிம்பில் அலை விழும். பிறகு கசிவுதான்.

டெஃப்லான் 260 டிகிரி தாங்கும் என்று அட்டவணையில் போட்டிருப்பது பொய்யில்லை. ஆனால் அது அழுத்தம் இல்லாத இடத்துக்கான கணக்கு. மூடிக்கும் கூட்டுக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் குவளைக்கு 200 டிகிரியே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவு ஓவன் 10 டிகிரி தாண்டி ஓடும் என்பதால், தனித் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) ஒன்றைக் கூட்டின் மேல் ஒட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது.

கசிந்தால் என்ன, கொஞ்சம் நீராவிதானே என்று தோன்றும். இங்கேதான் எரிச்சல். கசிவு சத்தம் போடாது. தண்ணீர் குறைந்தால் கலவையின் காரச் செறிவு ஏறும். நீங்கள் தராசில் நிறுத்துப் போட்ட விகிதம் உள்ளே இருக்காது. டெம்ப்ளேட் (படிகத்துக்கு வடிவம் காட்டும் கரிம மூலக்கூறு) இல்லாமல் இசட்.எஸ்.எம்-5 என்ற ஜியோலைட்டை எடுக்கப் பார்த்தால், மார்டனைட் என்ற வேறு ஜியோலைட்டும் குவார்ட்ஸும் எக்ஸ்.ஆர்.டி.யில் (எக்ஸ் கதிரால் படிகத்தை அடையாளம் காணும் சோதனை) தலைகாட்டும். புதுப் படிக வகை கிடைத்துவிட்டது என்று அறிக்கை எழுதி, கசியாத 50 லிட்டர் கலக்கு ரியாக்டருக்குப் போனால் அந்தப் படிகம் வராது. கலக்குவதால் வந்த மாற்றம் என்று ஸ்கேல்-அப் (பெரிய அளவுக்குக் கொண்டுபோகும்) குழு ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்ளும்.

மருந்து எளிது: எடை. மூடிய ஆட்டோகிளேவை முழுதாக, ஓவனுக்கு முன்னும் ஆறிய பின்னும் நிறுங்கள். 0.1 கிராம் காட்டும் 5 கிலோ தராசு போதும், 25 மி.லி. கலனுக்கு 0.01 கிராம் காட்டுவது வேண்டும். ஊற்றிய நீரில் 1 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அந்த மாதிரியை எக்ஸ்.ஆர்.டி.க்கு அனுப்பாதீர்கள்.

நிரப்பும் அளவு மூன்றில் இரண்டு பங்கு. 100 மி.லி. கலனில் 70 மி.லி. நீர் 180 டிகிரியில் 79 மி.லி. ஆகிறது, அழுத்தம் 10 பார். 90 மி.லி. ஊற்றினால் கணக்குப்படி 101. அப்புறம் நீராவிக்கு இடமே இல்லை, அழுத்தம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சூடாக இருக்கையில் மூடியை மறுபடி முறுக்கவும் கூடாது. வினையை நிறுத்தக் குழாய்த் தண்ணீரில் போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்போது வெளிக்கூடு முதலில் சுருங்கி, இன்னும் இளகிக் கிடக்கும் விளிம்பை நெரிக்கிறது. அவசரம் இல்லையென்றால் காற்றிலேயே ஆறட்டும்.

அலை விழுந்த விளிம்பைச் சரிசெய்யலாம். தட்டையான கண்ணாடி மேல் 400 எண் தேய்ப்புத்தாளை ஈரமாக விரித்து, குவளையைக் கவிழ்த்து எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். பிறகு 1000 எண். மூடியின் அடிப்பக்கத்துக்கும் இதே சிகிச்சை. தேய்த்த அளவு உயரம் குறையும், அதை ஈடுகட்ட மூடித் தட்டுக்கு மேல் மெல்லிய ஸ்டீல் வில்லை ஒன்று போடுங்கள். ஓரிரு தடவை பலிக்கும், அதற்குமேல் குவளையை மாற்றத்தான் வேண்டும். கூட்டுக்குள் சிக்கிக்கொண்ட குவளையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால் டெஃப்லான் ஸ்டீலைவிட அதிகம் சுருங்கித் தானே வழுக்கி வரும். இந்தப் பொருளின் சுருங்கும் குணம் நமக்கு உதவுகிற ஒரே இடம் இது.

உள்சுவரை மட்டும் எக்காரணம் கொண்டும் தேய்க்கக் கூடாது. கீறலில் பழைய படிகம் ஒளிந்திருந்து அடுத்த கலவைக்கு விதையாகிவிடும். பீட்டா ஜியோலைட் செய்யப்போய் இசட்.எஸ்.எம்-5 வருவது இப்படித்தான். ஒவ்வொரு ஜியோலைட்டுக்கும் தனிக் குவளை, வெளிப்பக்கத்தில் எண். கழுவுவதற்கு 5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 150 டிகிரி, ஓர் இரவு. பின் வெறும் தண்ணீரில் ஒரு சுற்று. ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இன்னும் வேகம்தான், ஆனால் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

2 மணி நேரம், 4 மணி நேரம் என்று குறுகிய சோதனை செய்பவர்களுக்கு ஒன்று: 100 மி.லி. கலன் 180-ஐ நெருங்கவே ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். சின்னதை வாங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

2025-இல் கிடாகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்ததிலிருந்து எல்லோரும் அவர்கள் வளர்த்த எம்.ஓ.எஃப். (உலோகமும் கரிம மூலக்கூறும் பின்னிய நுண்துளைப் படிகம்) பக்கம் திரும்பியிருக்கிறார்கள். யு.ஐ.ஓ-66 என்ற சிர்க்கோனியம் எம்.ஓ.எஃப். மட்டும்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் ஆட்டோகிளேவே வேண்டாம். அதற்கான கரைப்பான் டி.எம்.எஃப். கொதிப்பது 153 டிகிரியில், வேலை நடப்பது 120-இல். இறுக்கமான மூடி போட்ட தடித்த கண்ணாடி பாட்டில் போதும். மூலப்பொருளான சிர்க்கோனியம் குளோரைடிலிருந்து வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் டெஃப்லானை ஊடுருவி 304 ஸ்டீலில் பழுப்புப் புள்ளி போடும் தொல்லையும் மிச்சம்.

மதிப்பெண்? கூட்டுக்கு ஐந்துக்கு ஐந்து. மொத்தமாக இரண்டு. விளிம்பு தேய்த்த கையோடு எழுதுவதால் இதற்குமேல் மனசு வரவில்லை. கலவை தேடும் வேலைக்கு வேறு எதையும் வாங்கச் சொல்லவும் மாட்டேன். மூடிக்கு மேல் ஸ்பிரிங் தகடு உள்ள வகை சற்று விலை கூடினாலும் அதையே கேளுங்கள், சுருங்கும் குவளையை அது தொடர்ந்து அழுத்திப் பிடிக்கும். கூட்டுக்கு மூன்று குவளை என்று அதே ஆர்டரில் போட்டுவிடுங்கள். பின்னால் தனியாக வாங்கும் குவளை அரை மி.மீ. ஒல்லியாக வந்தால், முதல் சூட்டிலேயே சுவர் வரை பிதுங்கி உருக்குலைந்துவிடும்.